ஆறு ஒலிபெருக்கிகளும் ஒரு மாமியாரும்

வீட்டுக்குள் ஒரு பெரிய டெலிவிஷன் வந்து உட்கார்ந்துவிட்ட பிறகு, அந்த வீட்டில் அடிக்கடி கேட்கிற வாக்கியம் எது தெரியுமா? "என்ன சொன்னான்?" என்பதுதான்!

படம் என்னவோ ஆளுயரத்துக்குத் தெரிகிறது. கதாநாயகியின் மூக்குத்திக் கல் கூட மின்னுகிறது. ஆனால் அவள் வாய் திறந்து சொன்னது மட்டும் விளங்குவதில்லை. சத்தத்தைக் கூட்டி வைக்கிறோம். அடுத்த நிமிஷமே சண்டைக் காட்சி வந்து கூரையைப் பிய்க்கிறது. பதறிப் போய்க் குறைக்கிறோம், மறுபடியும் "என்ன சொன்னான்?"

இதில் உங்கள் காதின் பேரில் குற்றமில்லை, சகோதரிகளே! டெலிவிஷன் வரவர அப்பளம் மாதிரி மெலிந்துகொண்டே போகிறது. மெலிந்த உடம்பில் நல்ல ஒலிபெருக்கி வைக்க இடமேது? எனவே சின்னதாக இரண்டை வைத்து, அவற்றையும் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்க்கும்படி அமைத்துவிடுகிறார்கள். கோபித்துக்கொண்ட சம்பந்தியம்மாள் சுவரைப் பார்த்துப் பேசுவது போல, அதுவும் சுவரைப் பார்த்துப் பேசுகிறது.

இதற்குப் பரிகாரமாகத்தான் "ஹோம் தியேட்டர்" வாங்கலாமா என்ற யோசனை பல வீடுகளில் நடக்கிறது. அதற்கு நடுநாயகமான பெட்டி 'ரிஸீவர்'. இருக்கிற பணத்துக்குள் அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதுதான் இந்த வாரத்து விஷயம். "இதெல்லாம் புருஷர்கள் சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பெட்டியைத் தூக்கி வருவது அவர்களாக இருக்கலாம். ஆனால் ஹாலில் யார் எங்கே உட்காருவார், யாருக்கு எது காதில் விழாது, எந்தச் சுவருக்கு அப்பால் எந்த வீட்டுக் குழந்தை தூங்குகிறது என்பதெல்லாம் தெரிந்தவர் நீங்கள்தான். ரிஸீவர் வாங்குவதற்கு வேண்டிய ஞானத்தில் முக்கால் பங்கு அதுவே!

பந்தியில் பரிமாறுகிறவர்

சினிமாவின் ஒலி ஒரே கலவையாக வருவதில்லை. அடுக்குப் பாத்திரத்தில் தட்டுத் தட்டாக வைத்தது போல ஆறு பங்காக வருகிறது. முன்னால் இடம், வலம் என்று இரண்டு, நடுவில் ஒன்று, உட்காருபவருக்குப் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னாலுமாக இரண்டு, இவை ஐந்து. இடி, வெடி, மிருதங்கத்தின் 'தொம்' போன்ற அடிநாதத்துக்கு மட்டும் ஆறாவதாக ஒன்று. அது முழுப் பங்கல்ல என்பதனால் அதைப் புள்ளி ஒன்று என்கிறார்கள். கடைக்காரர் '5.1' என்று சொல்லும் மந்திரத்தின் பொருள் இவ்வளவுதான்.

ரிஸீவர் என்பது பந்தியில் பரிமாறுகிறவர். அடுக்கைத் திறந்து, எந்தப் பதார்த்தம் எந்த இலைக்கு என்று பார்த்து, அளவோடு வைக்கிறார். டெலிவிஷன் மட்டும் இருக்கிற வீட்டில் என்ன நடக்கிறது? பிரியாணியையும் கத்தரிக்காய்த் தொக்கையும் தயிர்ப் பச்சடியையும் ஒரே இலையில் ஒன்றாகக் கொட்டிப் பிசைகிறார்கள். ஆம்பூர்க்காரர்கள் இதைப் பொறுப்பார்களா?

சுற்றிலும் ஒலியை வைக்கும் இந்த யோசனை புதியதல்ல. 1940-இல் வால்ட் டிஸ்னி 'ஃபேன்டேசியா' என்ற படத்துக்காகத் தியேட்டரில் பல ஒலிபெருக்கிகளை வைத்துப் பார்த்தார். செலவு தாங்காமல் அது சில ஊர்களோடு நின்றுவிட்டது. நம் பக்கத்தில் 1995-இல் வந்த 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ முறையில் வெளியாகிப் பேர் வாங்கியது. பிறகு டி.வி.டி. தட்டுகள் அந்த ஆறு பங்கையும் வீட்டுக்கே கொண்டுவந்தன. இன்று இணையத்தில் வரும் படங்கள் பலவற்றிலும் அந்த ஆறு பங்கு இருக்கிறது. பிரித்துப் பரிமாற ஆள்தான் இல்லை.

இந்த ஆறில் நம் வீட்டுக்கு மிக முக்கியமானது எது? எல்லோரும் இடி இடிக்கிறதையே சொல்வார்கள். அதுவல்ல, நடுவில் இருப்பதுதான்! படத்தில் பேசுகிற பேச்செல்லாம் பெரும்பாலும் அந்த நடு ஒலிபெருக்கி வழியாகவே வருகிறது. "என்ன சொன்னான்?" என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

காலைப் பார்த்துச் செருப்பு

ஆம்பூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் தோல் ஷாப்பில் வேலை. மனைவி ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற பிரிவில் இருக்கிறாள். பத்தாவது படிக்கும் பையன் ஒருவன். காது சற்று மந்தமான மாமியார். மனைவி மாதாமாதம் கட்டிய சீட்டுப் பணம் அறுபதாயிரம் கைக்கு வருகிறது. "ஹோம் தியேட்டர் வாங்குவோம்" என்கிறார் புருஷர். "அமர்க்களமாய் இருக்கும்" என்கிறான் பையன். "எனக்கு நாடகத்தில் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்தால் போதும், அம்மா" என்கிறார் மாமியார்.

மாமியார் சொன்னதுதான் சரியான வார்த்தை. அதைப் பிடித்துக்கொண்டே போவோம்.

ஷூ கம்பெனியில் முதலில் எதை எடுப்பார்கள்? கால் வடிவத்தில் செய்த 'லாஸ்ட்' என்ற அச்சைத்தான். அதன்மேல்தான் தோலை இழுத்துப் பூட்டுவார்கள். அச்சு சரியில்லாவிட்டால், எவ்வளவு உயர்ந்த தோலானாலும் ஷூ கடிக்கத்தான் கடிக்கும். நம் காரியத்துக்கு அச்சு எது? உங்கள் ஹால்! கடைக்குப் போகுமுன் ஹாலை அளந்துவிடுங்கள்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி ஹால் என்றால் 5.1-க்கு மேல் போக வேண்டிய அவசியமே இல்லை. ஏழு, ஒன்பது என்று எண்ணிக்கை ஏறுவது பெரிய கூடம் உள்ளவர்களுக்கு. இன்னும் சொல்லப்போனால், உங்கள் சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறதென்றால், பின்னால் வைக்கும் இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். முன்னால் மூன்று மட்டும் போதும். ரிஸீவரில் "பின்னால் ஒன்றும் இல்லை" என்று குறித்துவிட்டால், அந்தப் பங்கையும் அது முன்னாலேயே சேர்த்துப் பரிமாறிவிடும்.

அடுத்ததாக, ஹாலின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை 'டிங்' என்று ரீங்காரமிட்டு அடங்குகிறதா? கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர் உள்ள வீடுகளில் அப்படித்தான் இருக்கும். அந்த எதிரொலி பேச்சின் மேல் விழுந்து அதைக் குழப்பும். லட்ச ரூபாய் ரிஸீவராலும் அதை முழுக்கப் போக்க முடியாது. கனமான ஜன்னல் திரை, தரையில் ஒரு ஜமக்காளம், சுவரோரம் புத்தக அலமாரி, சோபாவில் நாலு தலையணை போதும். பாதி எதிரொலி அடங்கிவிடும். தோல் சோபாவை விடத் துணி சோபா ஓசையை அதிகம் உறிஞ்சும். தோல் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும்!

அட்டையில் அச்சிட்ட வாட்

இனிக் கடைக்குப் போவோம். அங்கே முதலில் கண்ணில் படுவது '5000 வாட்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட அட்டை. பக்கத்தில் பி.எம்.பி.ஓ. என்று நாலு எழுத்து இருக்கும். ஒரு கணப் பொழுதுக்கு உச்சமாக என்ன வரக்கூடும் என்று விற்பவர் தாமாகவே போட்டுக்கொள்ளும் கணக்கு அது. எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் அதற்குக் கிடையாது.

ஒரு சுலபமான சோதனை சொல்கிறேன். பெட்டியைத் திருப்பிப் பின்புறத் தகட்டைப் பாருங்கள். எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று அங்கே போட்டிருக்கும். அதில் 60 வாட் என்றும் அட்டையில் 5000 வாட் என்றும் இருந்தால் என்ன அர்த்தம்? ஒரு படி பாலை வாங்கி எண்பது படி விற்கிறார் என்று அர்த்தம்! தண்ணீர் எவ்வளவு கலந்தது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மாயம் அமெரிக்காவிலும் நடந்தது. அதனால் 1974-லேயே அங்கே சர்க்கார் ஒரு விதி போட்டு, விளம்பரத்தில் தொடர்ந்து தரக்கூடிய வாட்டைத்தான் சொல்ல வேண்டும், எந்த நிலைமையில் அளந்தது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். நல்ல ரிஸீவரின் குறிப்பேட்டில், "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு ஒலிபெருக்கிகள் வேலை செய்கையில், 8 ஓம், சிதைவு 0.08 சதவீதம்" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அந்த வரியில் 70 வாட் என்று இருந்தால், அது அட்டையிலுள்ள ஆயிரத்தை விட மேலானது. "ஒரே ஒலிபெருக்கி, சிதைவு 10 சதவீதம்" என்று இருந்தால் அந்த எண்ணைப் பாதியாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் நமக்கு எவ்வளவு வாட் வேண்டும்? கேட்டால் சிரிப்பீர்கள். சாதாரணமான ஓர் ஒலிபெருக்கி ஒரே ஒரு வாட்டில், மூன்றடி தூரத்தில், 86 டெசிபல் வரை ஒலிக்கும். நாம் வீட்டில் பேசிக்கொள்வது 60 டெசிபல் அளவுதான். ஆகவே சின்ன ஹாலில் பெரும்பாலான நேரம் ஒன்றிரண்டு வாட்டுக்குள் காரியம் முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் இடி இடிக்கும் நேரத்துக்குக் கையிருப்பு. இன்னொன்று: வாட் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காவதில்லை, காதுக்கு லேசாகத்தான் கூடித் தெரியும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் வாட் பத்து மடங்காக வேண்டும். எனவே 70 வாட்டுக்கும் 90 வாட்டுக்கும் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் கேட்டால் கொடுக்க வேண்டாம். பகலெல்லாம் தையல் இயந்திரங்களின் இரைச்சலில் இருந்துவிட்டு வருகிற காதுக்கு வேண்டியது வாட் அல்ல, தெளிவு.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

கடையில் தயங்காமல் இந்த ஐந்தைக் கேளுங்கள்.

முதலாவது: "எச்.டி.எம்.ஐ. துளைகள் எத்தனை? அதில் ஏ.ஆர்.சி. உண்டா?" 2009-இல் வந்த இந்த ஏ.ஆர்.சி. ஏற்பாட்டினால், டெலிவிஷனிலேயே ஓடும் படத்தின் ஒலி ஒரே கம்பி வழியாக ரிஸீவருக்குத் திரும்பி வரும். டெலிவிஷனிலும் ஒரு துளையின் அருகில் அதே எழுத்துகள் இருக்கும். அதில்தான் செருக வேண்டும். இதில் இன்னொரு செளகரியம், பெரும்பாலும் டெலிவிஷன் ரிமோட்டிலேயே ரிஸீவரின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கலாம். மாமியார் கையில் நாலு ரிமோட்டைக் கொடுத்துத் திண்டாட விட வேண்டியதில்லை.

இரண்டாவது: "நடு ஒலிபெருக்கியின் சத்தத்தை மட்டும் தனியாகக் கூட்ட முடியுமா?" முடியாது என்றால் அந்தப் பெட்டி நமக்கு வேண்டாம்.

மூன்றாவது: "இரவு நேர ஏற்பாடு உண்டா?" பலத்த ஓசையை அடக்கி, மெல்லிய பேச்சை உயர்த்தும் வசதி இது. பையன் பரீட்சைக்குப் படிக்கிற வீட்டில் வரப்பிரசாதம்.

நான்காவது: "அளந்து பார்க்கும் மைக் பெட்டிக்குள் இருக்கிறதா?" அந்தச் சின்ன மைக்கை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்தால், ரிஸீவர் 'பீப் பீப்' என்று ஓசை கொடுத்து, எந்த ஒலிபெருக்கி எத்தனை அடியில் இருக்கிறது என்று தானே அளந்து சரிசெய்துகொள்ளும். விலை குறைந்த ரிஸீவர்களில் சிலவற்றில் இது இருக்கும், சிலவற்றில் இராது.

ஐந்தாவது: "ரிப்பேர் எங்கே?" ஏழெட்டுக் கிலோ பெட்டியைச் சென்னைக்கோ பெங்களூருக்கோ தூக்கிப் போக வேண்டுமா, வேலூரிலேயே பார்ப்பார்களா என்பதைப் பில் போடுமுன் கேட்பது நல்லது, பில் போட்ட பிறகு கேட்டால் பதிலின் ராகம் மாறிவிடும்.

மூன்று வழிகள்

கம்பெனி ரிஸீவர் ஒரு வழி. டெனான், யமஹா போன்ற கம்பெனிகளின் ஆரம்பப் பெட்டிகள் முப்பதாயிரத்துக்கு முன்பின்னாகக் கிடைக்கின்றன. ஒலிபெருக்கி தனி விலை.

இரண்டாவது, நம் ஊர் மெக்கானிக் கூட்டித் தரும் 'அசெம்பிள்' ஆம்ப்ளிஃபையர். சென்னை ரிட்சி தெருவில் சாமான் வாங்கி வந்து ஊர் ஊராகச் செய்து தருகிறார்கள். விலை மலிவு, கெட்டுப்போனால் அடுத்த தெருவிலேயே சரிசெய்துகொள்ளலாம். இவர்களைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். உள்ளே இருக்கும் சில்லு எது என்று கேளுங்கள். பல காலம் புழங்கிய எல்.ஏ.4440 என்ற சில்லு பக்கத்துக்கு 6 வாட்தான் தரும். இரண்டையும் இணைத்தால் 19 வாட். இதை வைத்துக்கொண்டு ஆயிரம் வாட் என்று சொன்னால் நம்ப வேண்டாம். மற்றொன்று, சில பெட்டிகள் இரண்டு பங்கு ஒலியையே ஆறு துளையிலும் ஊற்றிவிட்டு '5.1' என்று பேர் வைத்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 5.1 ஒலி உள்ள படம் ஒன்றைப் போடச் சொல்லி, பின் ஒலிபெருக்கியின் அருகில் போய் நில்லுங்கள். பேச்சுக் காட்சியில் வசனம் அப்படியே அங்கேயும் முழுசாகக் கேட்டால், ஆறு பங்கு அங்கே பிரியவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். டால்பி, டி.டி.எஸ். பிரிக்கும் பலகை உள்ளே உண்டா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, 'சவுண்ட் பார்' என்ற நீளக் கட்டை. இடம் அடைக்காது, கம்பி குறைவு. வாடகை வீட்டுக்கும் சின்ன அறைக்கும் அதுவே போதும் என்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது வாங்கியபடியே இருக்கும்; பெரும்பாலும் வளராது. ரிஸீவரின் பெருமை என்னவென்றால், அது நகைச்சீட்டு மாதிரி. இந்தத் தீபாவளிக்கு மூன்று ஒலிபெருக்கி, அடுத்த ரம்ஜானுக்கு அடிநாதப் பெட்டி, அதற்கடுத்த வருஷம் பின்னால் இரண்டு என்று கைக்குப் பணம் வரவரச் சேர்த்துக்கொள்ளலாம். கெட்டுப்போனாலும் கெட்டதை மட்டும் மாற்றலாம்.

ஆகவே நம் ஆம்பூர் வீட்டுச் சீட்டுப் பணத்தை உத்தேசமாக இப்படிப் பங்கு போடலாம். ரிஸீவருக்கு முப்பதாயிரம். முன்னால் வைக்கும் மூன்று ஒலிபெருக்கிகளுக்கு இருபத்தையாயிரம். அதிலும் நடுவில் வைப்பதைக் கஞ்சத்தனம் பண்ணாமல் வாங்க வேண்டும். மிச்சம் ஐயாயிரத்தில் கம்பி, ஜன்னல் திரை, ஜமக்காளம். ஐந்து ஒலிபெருக்கியும் அடிநாதப் பெட்டியும் இன்றைக்கே வேண்டும் என்று பையன் அடம் பிடித்து, ஆறையும் மட்டமாக வாங்கினால், ஆறு பக்கமிருந்தும் "என்ன சொன்னான்?" என்று கேட்க வேண்டியதுதான்!

மடித்துப் பார்த்து வாங்குங்கள்

தோல் வாங்குகிறவர்கள் மினுமினுப்பைப் பார்த்து மயங்குவதில்லை; மடித்துப் பார்ப்பார்கள். மடிப்பில் மேல்பூச்சு சுருங்குகிறதா என்று தெரிந்துவிடும். ரிஸீவரையும் அப்படியே மடித்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் போடுகிற வெடிகுண்டுக் காட்சி வேண்டாம். நீங்கள் நன்றாக அறிந்த ஒரு தமிழ்ப் படத்தில், மழையிலோ சந்தை இரைச்சலிலோ இரண்டு பேர் தணிந்த குரலில் பேசும் காட்சியைப் போடச் சொல்லுங்கள். சத்தத்தை வீட்டு அளவுக்குக் குறைக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் பிரிந்து விழுகிறதா? வாங்கலாம். கூடுமானால் மாமியாரையும் கூட்டிப் போங்கள். அவரை விடச் சிறந்த பரிசோதகர் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, நடு ஒலிபெருக்கியை அலமாரியின் விளிம்பு வரை முன்னே இழுத்து, காதைப் பார்க்கும்படி லேசாக நிமிர்த்தி வையுங்கள். கண்ணாடிக் கதவுக்குள் வைக்க வேண்டாம். ரிஸீவரின் தலையில் சூடு வெளியேறத் துளைகள் இருக்கும். அந்தக் காலத்து ரேடியோவின் மேல் விரித்த மாதிரிப் பூவேலைத் துணி விரித்து, அதன்மேல் தஞ்சாவூர்ப் பொம்மை வைத்துவிடாதீர்கள். வேலூர் வெயிலில் அது மூச்சு முட்டிப் போகும். மின்சாரம் ஏறி இறங்கும் தெருவானால் ஸ்டெபிலைசர் அவசியம். அடிநாதப் பெட்டியைப் பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரில் ஒட்டி வைக்க வேண்டாம். அந்த 'தொம்' சுவரைத் தாண்டிப் போகும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. சட்டத்தை விடுங்கள், பக்கத்து வீட்டு அம்மாளின் முகத்தில் காலையில் விழிக்க வேண்டுமல்லவா?

கடைசியாக ஒரு வார்த்தை. வயதாகும்போது காது முதலில் இழப்பது கீச்சென்ற மேல் ஸ்தாயி ஓசைகளை. ச, த, ப போன்ற எழுத்துகளின் கூர்மை மழுங்கிவிடும். குரல் கேட்கும், சொல் விளங்காது. நடு ஒலிபெருக்கியை உயர்த்தினால் இதற்குப் பெரிய உதவி. ஆனால் அப்படியும் விளங்கவில்லை, நேரில் பேசினாலும் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்றால், அது ரிஸீவரால் தீரும் குறையல்ல. வேலூர் சி.எம்.சி. மாதிரி காதுப் பரிசோதனை உள்ள ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. சீட்டுப் பணத்தைத் தொடுமுன் அங்கே ஒரு முறை அழைத்துப் போங்கள். காதுக் கருவி வேண்டும் என்று சொன்னார்களானால் முதல் பங்கு அதற்கு. ரிஸீவர் அடுத்த சீட்டுக்கு.

ஏனென்றால் நாடகத்தில் என்ன பேசுகிறார்கள் என்று மட்டுமல்ல, பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து என்ன சொன்னான் என்பதும் அவருக்குக் கேட்க வேண்டுமே!